கழற்றிய கம்மல்

ஜூன் 8, ஞாயிறு.

சபைக்குப் போவதை நிறுத்திய பிறகு இன்றுதான் தொண்டூரில் அம்மாவைப் பார்த்தேன். நகையே கூடாது என்கிற கிறிஸ்தவ சபை. போன மாதம் காது குத்திக்கொண்டேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே கம்மலைக் கழற்றிப் பையில் போட்டேன். துளை தெரியும் என்று தோன்றவில்லை.

அம்மா பார்த்துவிட்டாள். "வேற சபைக்குப் போறியா?"

"இல்லம்மா."

"கோயிலுக்கு?"

"எங்கயும் போகல. போகணும்னே தோணல."

"கோயிலுக்குன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்."



கிளம்பும்போது தேங்காய் எண்ணெயைத் தொட்டு என் காதில் தடவினாள். ஞானஸ்நானம் எடுத்த அன்று தன் கம்மலைக் கழற்றியவள் அவள். அவள் காதின் துளைகள் இப்போது வெறும் தழும்பு.

"கழட்டி வெக்காத. ஓட்ட தூந்து பூடும்" என்றாள்.

பஸ்ஸில் போட்டுக்கொள்ள நினைத்தேன். இன்னும் பையில்தான் இருக்கிறது.