சீவலப்பேரிக்குப் போன பின் டயர்

தம்பி,

இன்று காலை புது டாக்டரின் ஆள் ஒரு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றான். சுற்றியிருந்த சாக்கைப் பிரித்ததும் ரப்பர் வாடை வீடு முழுக்கப் பரவிவிட்டது. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மணம்கூடத் தெரியவில்லை. "மோட்டார் சைக்கிளுக்குப் பின் டயர் மாட்ட பாளையங்கோட்டையிலே உங்களை விட்டா ஆளில்லைன்னு டாக்டரய்யா சொன்னாவ" என்றான். அது உண்மைதான். நீ பட்டாளத்து டாக்டராகக் கப்பலேறி, சண்டை நடந்த பசராவில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வேலையில் என்னை மிஞ்ச இன்னும் ஒருத்தரும் வரவில்லை.

அந்த வண்டியை நீ வாங்கி வந்த அன்று உன்னை என்ன ஏச்சு ஏசினேன். உன் அத்தான் கொழும்புக் கடையில் இருக்க, நான் உன்னோடு இருந்து உனக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. படித்த டாக்டர் மாட்டுவண்டியில் போனால் மரியாதை குறைந்துவிடுமா என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து அதைத் துடைத்தாய். ஒரு மாதத்தில் நானும் உன்னோடு முற்றத்தில் உட்கார்ந்து அதன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் பழைய பின் டயர் மொழுக்கென்று தேய்ந்துவிட்டது. டவுன் கடை அண்ணாச்சி பட்டணத்திலிருந்து இரண்டு டயர் வரவழைத்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம் என்று இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். ஒன்று சன்னமானது, நீளவாக்கில் கோடு போட்டது. மற்றது கனத்துக் கிடந்தது. மேலெல்லாம் ரப்பர்க் குமிழ், பார்க்கவும் லட்சணமில்லை.

"கோடு போட்டதுதான் யக்கா. ரோட்டுல பறக்கும்."

"உன் சீக்காளியெல்லாம் ரோட்டுலயாலே படுத்திருக்கான்? ரோட்டை விட்டு இறங்கினா வயக்காட்டுச் சகதி, ஆத்து மணல். முன்சக்கரம் திரும்பத்தான் செய்யுது. இழுக்கது பின்சக்கரமில்லா? அதுக்குத்தான் பிடிமானம் வேணும்."

இரண்டையும் தரையில் நிறுத்தி அழுத்திப் பார்த்தாய். "நீ மட்டும் படிச்சிருந்தா இந்த ஜில்லா தாங்காது" என்று சொல்லிவிட்டுக் குமிழ் டயரை வைத்துக்கொண்டாய்.

டயரை மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, அவசரம்தான் ஆகாது. ஒரு பக்கத்து விளிம்பை வளையத்தின் மடிப்புக்குள் கொடுக்க வேண்டும். டியூப்பில் இரண்டு மூச்சுக் காற்று வைத்து உள்ளே நுழைக்க வேண்டும். அப்புறம் மறு விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி ஏற்ற வேண்டும். கடைக்காரன் கொடுத்த இரும்பு வளைந்துபோனதால் என் தோசைத் திருப்பிகள் இரண்டுக்கும் அந்த உத்தியோகம் கிடைத்தது. நான் முழங்காலால் டயரை அமுக்குவேன். "பைய யக்கா, பைய, டியூப்பு நசுங்கிரும்" என்று நீ கத்துவாய்.

டியூப் டயரோடு ஒட்டாமலிருக்க நடுவில் வழுவழுப்பான கல்மாவு தூவ வேண்டும். கடையில் வாங்கிய டப்பா தீர்ந்த பிறகு நம் வீட்டுக் கோலப்பொடியைத்தான் தூவிவந்தோம். அதுவும் வெள்ளைக்கல்லை இடித்த பொடிதான். ஒரு குறையும் வைக்கவில்லை. குமிழ் டயரை மாட்டிய அன்றும் வாசலில் இருந்த கோலச் சிரட்டையை எடுத்து நீட்டினேன், நீ தூவினாய். அப்போது மார்கழி பிறந்து இரண்டு நாள். மார்கழி முழுக்க நான் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவேன், எறும்பும் குருவியும் தின்னட்டும் என்று. வருஷாவருஷம் செய்கிறவளுக்கு அந்த நேரத்தில் சிரட்டையில் இருந்தது அந்த மாவு என்று புத்தியில் ஏறவில்லை.

ஒரு வாரம் நீ கால்வாயும் வரப்புமாகச் சுற்றினாய். எட்டாம் நாள் விடிந்ததும் சீவலப்பேரியிலிருந்து ஆள் ஓடி வந்தான். முத்தம்மா என்று ஒரு பெண்ணுக்கு முந்தாநாளிலிருந்து இடுப்புவலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றான். நீ கஞ்சிகூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாய்.

சாயங்காலம் நீ திரும்பியபோது டயருக்குள் வைக்கோல் திணித்திருந்தது. ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது உடைமரத்து முள் குத்தியது, டியூப் கிழிந்துவிட்டது, வைக்கோலைத் திணித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன் என்றாய். தாய் பிழைத்துவிட்டாள், பிள்ளை தங்கவில்லை என்றாய். பையை வைத்துவிட்டுக் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டாய்.

மறுநாள் டயரைக் கழுவ உட்கார்ந்தேன். உள்ளே விரலை விட்டால் பசை. புளித்த வாடை. கால்வாய்த் தண்ணீர் விளிம்பு வழியே இறங்கி, மாவு கூழாகி, காய்ந்து, டியூப்பை டயரோடு ஒட்டிவிட்டிருக்கிறது. முள் குத்திய ஓட்டையை அடைக்க நீ டியூப்பை உருவியபோது அது முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிகிற ஒட்டு வேலை, வைக்கோல் தேடி ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. டயரை உருட்டி வந்து உன் முன்னால் போட்டேன்.

"இது என் அரிசி மாவுதாம்லே" என்றேன்.

"தெரியும். அந்தச் சகதியிலே வண்டி நிக்காம போனது உன் குமிழ் டயராலதான். இல்லேன்னா தாயும் போயிருப்பா. ரெண்டையும் சேத்து நினைச்சுக்கோ. அங்கன போய் எதுவும் சொல்லாத, நான் பாத்துக்கிடுதேன்."

அன்றுமுதல் எந்த மாவையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் டியூப் பக்கம் கொண்டுபோவதில்லை. நீ சொன்ன இன்னொன்றைத்தான் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போனேன். கோபப்படாதே.

முத்தம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொல்லி, மாவுக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"எனக்குத் தெரியுமேம்மா. அன்னைக்கே டாக்டரய்யா சொல்லிட்டாவ. நான்தான் பாக்காம தப்பு மாவைத் தூவிட்டேன், அதுலதான் நேரம் போச்சு, பொறுத்துக்கோன்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாவ. அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவுக."

நான் அந்த நெல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் வந்தது ஆத்திரமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"தூவினதுதான் அவன். எடுத்துக் குடுத்தது நான். மார்கழியிலே பொடியை மாத்தி மாவு வச்சதும் நான்தான்" என்றேன்.

"இப்ப என்னத்துக்கும்மா சொல்லுதிய? அவுகளும் போயிட்டாவ."

"ரெண்டு பேரு சுமக்க வேண்டியதை அவன் ஒத்தையிலே சுமந்துட்டுப் போயிட்டான். என் பங்கை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆம்பிளப் பிள்ளை. தலை நிறைய முடி. உங்க தம்பி சொல்லலையா?" என்றாள்.

நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது எனக்கும் தெரியும், தம்பி.