பாலத்து இறக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பதறாமல் படியுங்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும், தினமும் சைக்கிளில் கூடவே வரும் அக்கா ஒருவரைப் போன வாரம் பாலத்து இறக்கத்தில் லாரி அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. "நீ ஓரமா வா, வண்டிங்க பக்கம் நான் வர்றேன்" என்று எப்போதும் சொல்வார், அன்றும் சொன்னார். எனக்கு வெறும் சிராய்ப்புதான். ஆனால் பின்னால் ஹாரன் கேட்டாலே ஓரம் ஒதுங்கி நின்றுவிடுகிறேன். பாலம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறேன்.

காலையில் போன் செய்ய வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள், சாலையில் இருப்பேன். இரவில் சும்மாவாவது பேசட்டும். தம்பியைக் கல்லூரிக்குப் பஸ்ஸில் அனுப்புங்கள். கேட்க மாட்டான், சைக்கிளைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அழுதேன் என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்