லூர்தில் எனக்கு ஒரு நாள் போதும்

இயேசு மரி சூசை துணை

பனிச்சையடி,
மட்டக்களப்பு.
24.04.2010

அன்பு மகள் ஜனினுக்கும் மருமகன் நிலோஜனுக்கும் மம்மி எழுதிக்கொள்வது. இங்கே நானும் டடியும் மாதாவின் கிருபையால் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீங்கள் இருவரும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பின்னேரமும் செபமாலையில் ஒரு பத்துமணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். முதலில் சந்தோசமான செய்தி, போனில் சொன்னதுதான் என்றாலும் எழுத்திலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. கொழும்பில் பாஸ்போட்டைக் கையில் வாங்கியதும் நான் எம்பசி வாசலிலேயே சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன், காவலுக்கு நின்றவன் ஒரு மாதிரிப் பார்த்தான், பார்க்கட்டும். டடி அதில் உள்ள தன் படத்தைத் திறந்து திறந்து பார்த்து, 'இந்த முழிக்கு விசா தந்தவன் நல்ல மனிசன்கா' என்று சிரிக்கிறார். கோட்டை ஸ்டேசனில் ஏறி இரவுக் கோச்சியில் திரும்பி வரும்போது இரண்டு பாஸ்போட்டையும் சேர்ட்டுக்குள் விட்டு மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, முந்தி ஆமி இறக்கிச் சோதிக்கிற மன்னம்பிட்டி தாண்டும்வரை கண்ணை மூடவேயில்லை. சண்டை முடிந்து ஒரு வருசமாகப் போகிறது, இப்போது யாரும் எங்களை இறக்கி வரிசையில் விடுவதில்லை, ஆனாலும் அந்த இடம் வந்தால் அவருடைய கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தால், ஐரோப்பாவில் எரிமலை புகைந்து பிளேன் எல்லாம் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நம்முடைய பயணம் என்னாகும் என்றேன். 'நாம போறது ஜூன் மாசம்கா, அதுக்கிடையில அணையாட்டி நீ ஒரு நவநாள் வை' என்றார் டடி. அவர் பகிடிக்குத்தான் சொன்னார், நான் அந்த ஒன்பது நாள் செபத்தைத் தொடங்கிவிட்டேன். புகை குறைகிறதாம்.

நீ முதலில் அனுப்பிய பயணத் திட்டத்தைக் கொமினிகேசன் கடைத் தனுஷா அச்செடுத்துத் தந்தாள். பாதரிடம் பெரிய அட்லஸ் ஒன்றை இரவல் வாங்கி, மெல்லிய தாளை மேலே வைத்து நாங்கள் போகிற வழியைப் பென்சிலால் கீறி எடுத்தேன். பேர்னில் உங்கள் வீடு, அங்கிருந்து பாரிஸ், பாரிஸில் இருந்து லூர்து, லூர்தில் இருந்து கடற்கரைப் பட்டினம் சான் செபஸ்தியான், அங்கே ஒரு நாள் தங்கி, இரவுக் கோச்சியில் படுத்துக்கொண்டே போனால் விடிந்து லிஸ்பன். ஒரு கிழமைக்குள் இவ்வளவும் என்று நினைக்க எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை மகள், சின்னப்பிள்ளை பெருநாள் உடுப்பை நினைத்துப் புரளுகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தாளை மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன், வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் விரலால் காட்டுகிறேன். டடிக்கு நம்பமுடியாத ஒரே விசயம், கோச்சி ஒரு நாட்டில் இருந்து அடுத்த நாட்டுக்கு நிற்காமல் போகும் என்று நீ சொன்னதுதான். 'ஒரு நாடு முடிஞ்சு மத்த நாடு துடங்குற இடத்தில ஆள் பார்க்கமாட்டானா? நம்மட ஊறணி ஆமிக் காவலத் தாண்டுறதுக்கே எத்தினை தரம் இறங்கி ஏறின நாம' என்று இன்னும் வாதாடுகிறார். லிஸ்பனில் அவருக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, பழைய கோயில் கதவுகள் திரும்புகிற பிணைச்சலை எப்படி அடித்திருக்கிறார்கள் என்பது. தச்சனைக் கூட்டிக்கொண்டு போனால் அப்படித்தான், நீ நிலோஜனிடம் சொல்லி வை, கதவைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், யாரும் கோபிக்கக்கூடாது. அடுத்த வீட்டுக் கிளோடியா அன்ரி எனக்குப் புத்தி சொல்கிறார், 'லிஸ்பனில இறங்கினதும் நம்மட பறங்கிப் போர்த்துக்கீசப் பாசையிலயே கதைகா, அவங்கட பாசைய இத்தினை நூறு வருசமா நாமதானே பத்திரமா வெச்சிரிக்கம், வாடகை கேட்டாலும் கேள்' என்று. கோச்சியில் தின்பதற்கு மாசிச் சம்பல் ஒரு போத்தலில் அடைத்துக்கொண்டு வருவேன், மணக்கும் என்று நீ முகத்தைச் சுளிக்காதே, இறுக்கமான மூடிதான். படுக்கிற கோச்சியில் கீழ்க் கட்டிலை டடிக்கு எடு, அவருடைய முழங்கால் ஏணிக்குச் சரிவராது. எனக்கு மேலே, நான் ஏறுவேன்.

மறுகா இந்தக் கிழமை நீ திருத்தி அனுப்பிய இரண்டாவது தாள் வந்தது. வீட்டுக் கணக்கு எழுதி எழுதிப் பழகிய கண் சும்மா இருக்குமா, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். சான் செபஸ்தியானைக் காணவில்லை. அந்த நாளைத் தூக்கி லூர்தில் போட்டிருக்கிறாய், மம்மிக்கு மாதாவிடம் கூட நேரம் இருக்கட்டும் என்று கீழே ஒரு வரியும் எழுதியிருக்கிறாய். படித்தவுடன் கண் கலங்கியது உண்மை, லூர்தில் இரண்டு நாள் கிடைப்பது எனக்குச் சின்ன விசயமா? ஆனாலும் மனம் ஒத்துவரவில்லை, போனில் உன்னைக் கேட்டேன். அங்கே மழை பெய்யும் என்றாய். ஜூன் மாதத்திலா என்றேன், லைன் சரியில்லை என்றாய். நீ பொய் சொல்லும்போது கதையை மாற்றுகிற ஆள், அந்தப் பழக்கம் சுவிஸ் போயும் மாறவில்லை. முந்தாநாள் உன் மாமி இரத்தினம்மா கொக்கட்டிச்சோலையில் இருந்து மண்முனைத் துறையில் படகுப்பாதை ஏறி வாவியைக் கடந்து, தயிர்ச்சட்டியும் புது அரிசியும் கொண்டு வந்தார். லூர்துத் தண்ணீரில் தனக்கும் ஒரு போத்தல் வேண்டுமாம். உங்கள் சிவன் கோபிக்க மாட்டாரா என்றேன், 'அவரு அப்பிடிப்பட்டவரில்ல, நீங்க மறக்காமக் கொண்டாங்க' என்றார். பிறகு சோறு தின்றுகொண்டிருக்கும்போது தன்னை அறியாமல் டடியைப் பற்றி, 'கடல் பக்கம் அண்ணனைக் கொண்டுபோகப் பிள்ளையள் பயப்பிடுதுகள், முந்தி ஒருக்கா கடல்ல விழப் போனவராமே' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நிலோஜன் தாயிடம் சொல்லியிருக்கிறார், அவரில் குற்றம் இல்லை. அப்போதுதான் மகள் எனக்கு விளங்கியது, இவ்வளவு காலமும் நீ எதை நெஞ்சில் வைத்துக்கொண்டு டடியின் சுகத்தை அப்படிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாய் என்று.

நடந்ததை நான் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. சுனாமியில் டடியின் தம்பி, உன் பிரட்லி அங்கிளும் வீட்டாரும் போய் ஒரு வருசம் நிறைந்து பூசை வைத்த நாள் அது. டடியும் தம்பியும் ஞாயிறு பூசை முடிந்தால் டச்பார் கடலில் இறங்கி நீந்தாமல் சோற்றில் கை வைக்காத ஆட்கள், உனக்கு நீந்தப் பழக்கியதும் அங்கிள்தான், நீ அறிந்ததுதான். அன்றைக்குப் பூசை முடிந்ததும் டடி யாரிடமும் சொல்லாமல் நம்முடைய பழைய வீடு இருந்த கடற்கரை வளவுக்குப் போய், சேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். முழங்கால் நனையவில்லை, அதற்குள் ஓட்டோக்காரக் கனகசிங்கம் கண்டுவிட்டான். 'பிரடெரிக் அங்கிள் கடல்ல விழப் போறாரு, ஓடி வாங்கடா' என்று அவன் கத்தியதில், மெழுகுதிரி கொளுத்த வந்த சனம் எல்லாம் ஓடி வந்தது, சென்றியில் நின்ற ஆமிப் பையனும் விசில் ஊதிக்கொண்டு வந்தான். கையைப் பிடித்தவன் ஒருவன், காலைப் பிடித்தவன் ஒருவன், ஆளை அள்ளி ஓட்டோவில் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கிக்கொண்டு என்னிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். எல்லாரும் அழுகிறார்கள், ஓடிக்கொலோன் தடவுகிறார்கள், பெரிய ஆம்பிளைகள் அவருடைய காலடியில் இருந்து 'எங்கள நினைச்சாவது இப்பிடிச் செய்யாதீங்க அங்கிள்' என்கிறார்கள். டடி நடுவில் இருந்து 'குளிக்கப் போனவனை ஏன்டா தூக்கிக்கொண்டு வந்த நீங்க' என்று கத்துகிறார், ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் கனகசிங்கமே கரையில் கிடந்த பையைக் கொண்டுவந்து தந்தான். அதற்குள் துடைக்கத் துவாயும் மாற்றிக் கட்டச் சாரனும் இருந்தன. 'சாகப் போறவன் மாத்துச் சாரன் கொண்டு போவானா, யோசிச்சுப் பாருங்கடா' என்று டடி அவனிடம் கேட்டார். 'சரி அங்கிள், சரி அங்கிள்' என்று பைத்தியக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு டடி கடலுக்குப் போகிற கல்லடிப் பாலத்துப் பக்கம் சைக்கிளைத் திருப்பினால், பின்னால் ஒரு சைக்கிள் வரும். 'எங்க அங்கிள் போறீங்க, நானும் வாறன்' என்று யாராவது ஒருவன். எல்லாம் பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்துக்கு வெட்கப்பட்டே அவர் கடலை விட்டார். அவருக்குக் கடலில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. இப்போது சண்டை முடிந்த பிறகு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து கல்லடிக் கடலில் குளித்துவிட்டுப் போகிறது, பக்கத்தில் இருக்கிற இந்த மனிதர் கிணற்றடியில் வாளியால் ஊற்றிக்கொள்கிறார்.

இரத்தினம்மா போனபிறகு நான் டடியிடம் சொன்னேன். பலகை சீவிக்கொண்டிருந்தவர் முதலில் கனகசிங்கத்தின் கதை சுவிஸ்வரைக்கும் போய்விட்டதா என்று இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 'அப்ப இத்தினை வருசமா என்ட பிள்ள, தகப்பன் தன்னை நினைக்காமச் சாகப் பார்த்தவன் எண்டா நினைச்சிக்கிட்டு இரிக்கிறா' என்று கேட்டார். சீவுளியை வைத்துவிட்டு அப்படியே வாங்கில் இருந்தார், பின்னேரத் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. ஊரெல்லாம் நினைத்ததைத் தாங்கிய மனிதருக்கு நீ நினைத்ததைத் தாங்க முடியவில்லை மகள். அதனால்தான் போனில் சொல்லாமல் இதை எழுதுகிறேன், போன் என்றால் நீ அழுவாய், நானும் அழுவேன், விசயம் நடக்காது.

எனக்கு வேண்டியது இதுதான், சான் செபஸ்தியானைத் திரும்பப் போடு. அந்த ஊரில் எங்களை ஒருவருக்கும் தெரியாது. அங்கே ஒரு வயதான மனிதர் கரையில் நின்று சேர்ட்டைக் கழற்றினால், பார்க்கிறவர்கள் குளிக்கப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள், வேறொன்றும் நினைக்க மாட்டார்கள். உலகத்தில் அப்படி ஒரு கடற்கரை அவருக்குக் கிடைக்க வேண்டும், அதுவும் நம்முடைய செபஸ்தியாரின் பெயர் உள்ள ஊரில் கிடைத்தால் நான் ஏன் விடுவேன்? லூர்தில் எனக்கு ஒரு நாள் போதும். மாதாவிடம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி நான் பழகியவள், அவ கோபிக்க மாட்டா, அவவும் ஒரு தச்சனோடு குடும்பம் நடத்தியவதானே. தண்ணீர் குளிராக இருக்கும் என்று பாதர் சொன்னார், பரவாயில்லை, கொஞ்சம் நடுங்கட்டும். இன்று காலையில் நான் கடுதாசி எழுத இருந்தபோது டடி தானாக வந்து பக்கத்தில் நின்று, அந்தக் கடலில் அலை பெரிதா, தரை மணலா கல்லா என்று கேட்டு எழுதச் சொன்னார். மகள், அவர் கடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம்!

நீங்கள் இருவரும் ஒற்றுமையாக இருங்கள், ஞாயிறு பூசையை விடாதே, நிலோஜன் அவருடைய கோயிலுக்குப் போகும்போது நீயும் கூடப் போ. திரியேக தேவன் உங்களை எந்த விக்கினமும் அண்டாமல் காப்பாராக, மாதா தன் முந்தானையால் மூடிக்கொள்வாராக. இந்தக் கடுதாசி கையில் கிடைத்த அன்றைக்கே அந்த ஊரில் அறை எடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ண வேண்டும், மழை கதை இனிச் செல்லாது. டடி உனக்குச் சொல்லச் சொன்னதை அவர் சொன்னபடியே கடைசியில் எழுதுகிறேன். 'அவளைக் கரையில நிண்டு என்னைக் காவல் பார்க்க வேணாமெண்டு எழுது. பயமெண்டா எனக்குப் பக்கத்தில தண்ணிக்குள்ள இறங்கி நிக்கட்டும்.'

என்றும் உங்கள் நினைவோடு,
மம்மி
மேர்டில் பிரடெரிக்