டிரில் மாஸ்டர் வேதசிரோமணியின் இடது காது குறித்து

அனுப்புநர்:
வே. ரத்தினபாய்,
கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: உள்காதில் நீர் கசிந்து தடுமாறிய ஆசிரியரைக் குடிகாரர் என்று தற்காலிக வேலைநீக்கம் செய்தது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் திரு. வேதசிரோமணி இங்குள்ள உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். சென்ற ஆகஸ்டில் விளையாட்டு விழாவுக்காக மைதானத்தைச் சமன்செய்கையில் இரும்பு உருளை சேற்றில் புதைந்தது. ஆள் வரட்டும் என்று காத்திராமல் இவரே மூச்சைப் பிடித்துத் தூக்கினார். இடது காதுக்குள் 'டப்' என்று கேட்டதாம். மாலைக்குள் அந்தக் காது மந்தமாகிவிட்டது.

2. அதன்பின் தும்மினால் தலை சுற்றும், குனிந்தால் சுற்றும், விசில் ஊதினால் கேட்கவே வேண்டாம். டிரில் மாஸ்டர் விசில் ஊதாமல் எப்படி இருப்பார், ஐயா? ஒருநாள் காலைப் பிரேயரில் ஊதினார். எல்லார் முன்னிலையிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "மாஸ்டர் போட்டுகினு வந்துகீறாருடா" என்று பின்வரிசையில் சிரிப்பு. சாராயக் கடைகள் திறந்திருக்கும் காலம். நம்ப யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. தலைசுற்றலுக்கு நான் நாட்டு வைத்தியரிடம் வாங்கிக் கொடுத்த, புளித்துச் சாராயம்போல் மணக்கும் அரிஷ்டத்தின் வாடை வேறு வாயில் இருந்தது. தாளாளர் திரு. அசரியா அதை முகர்ந்துவிட்டு அன்றே உத்தரவைக் கையில் கொடுத்தார்.

3. பட்டணத்து ஆஸ்பத்திரியில் காது டாக்டர், ரப்பர் பந்தை வைத்து இவருடைய இடது காதுக்குள் காற்றை அழுத்தினார். உடனே இவர் கண்மணிகள் தாமாக ஒரு பக்கம் வெட்டி வெட்டி ஓடியதை நானே பார்த்தேன். உள்காதின் மெல்லிய ஜவ்வு கிழிந்து நீர் கசிகிறது என்றார் டாக்டர். தலையை உயர்த்திப் படுக்கவைத்துப் பார்த்தார்கள், ஆறவில்லை. பிறகு செவிப்பறையை விலக்கி, காது மடலிலிருந்து எடுத்த துளிக் கொழுப்பால் கசிவை அடைத்தார்கள். தலைசுற்றல் நின்றது. காது மட்டும் கேட்கவில்லை. இனிப் பளு தூக்கக்கூடாது, விசிலும் ஊதக்கூடாது.

4. சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினோம். தாளாளர் கெட்டவர் அல்லர். "இதுல காதைப் பத்தித்தானே இருக்கு, வாடை வாயில இல்ல வந்துது?" என்றார். எங்கள் சபை வழக்கப்படி வழியும் சொன்னார்: ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, குடித்தது தவறு, இனித் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தால் திங்களன்றே வேலை.

என் அண்ணன் ஏசுதாசனும், "ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன் மாப்ளே, இன்னா கொறஞ்சுடும்?" என்கிறார்.

குறையும், ஐயா. எங்கள் மகள் யூனிஸ் அந்த ஆராதனையில்தான் பாட்டுக்குழுவில் நிற்கிறாள். இவர் முடியாது என்றுவிட்டார். அடுப்பு எரிய வேண்டுமே என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. இருந்தும் அந்த உறுதிமொழியைச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5. ஆகவே, காது டாக்டரையும் அரிஷ்டம் தந்த வைத்தியரையும் தாங்கள் நேரில் விசாரிக்க வேண்டும்; விசில் ஊதத் தேவையில்லாத ஒரு வேலையை இவருக்குப் பள்ளியிலேயே தரச் செய்ய வேண்டும். குடித்தார் என்று தெரிந்தால் எங்களுக்கு அந்த வேலையே வேண்டாம். குடிக்கவில்லை என்று தெரிந்தால், தயவுசெய்து, அவரை மன்னித்துவிட்டதாக மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

தாம்பரம்,
19-2-1973.

தங்கள் விசாரணையை நம்பியிருக்கும்,
வே. ரத்தினபாய்