எட்டு சதத்துக்குள்

பிப்ரவரி 10, 2004. லுசாகா

மாலையிலிருந்தே மின்சாரம் இல்லை. லிம்போ வாசலில் கரியடுப்பு மூட்டிச் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"லிஸ்ட் வந்துதா சின்னம்மா?"

தினமும் இதே கேள்விதான். அக்கா மகள் நர்ஸ் படிப்பை முடித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் நிதி அமைச்சகத்தில் இருப்பதால், நியமனப் பட்டியலை என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு.

"வரும்டி."

"நீங்க 'வரும்'னு சொல்றப்ப மூக்கு சுருங்குது."

சுருங்கத்தான் செய்திருக்கும்.

பிப்ரவரி 19

கடன் கொடுக்கும் வாஷிங்டன் நிதியத்தின் குழு வந்தது. போன வருஷம் சம்பளச் செலவு எல்லை மீறியதால் நம்மைப் பாதியில் விட்டுப் போனவர்கள். இந்த வருஷம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் நாட்டின் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாகும். அரசு ஊழியர் சம்பளம் மொத்தமும் நாட்டின் உற்பத்தியில் எட்டு சதத்தைத் தாண்டக்கூடாது. எல்லாம் பழைய பாடம்தான்.

குழுத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "காத்திருக்கும் நர்சுகளை மட்டுமாவது சேர்த்தால்?"

"தாண்டிவிடும்" என்றேன்.

கணக்கு சரி. இப்போதும் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். சரிதான்.

வெளியே வந்ததும் என் மேலதிகாரி ஹமூங்கா வழக்கம்போல வம்பிழுத்தார். "மீன் தின்கிற லோசிப் பொம்பளைக்கு இவ்வளவு கணக்கு எங்கிருந்து வந்துது?" நான் லோசி இனம், அவர் டோங்கா இனம். எங்கள் இரண்டு இனங்களுக்கும் இடையே பரம்பரையாகக் கேலி முறை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. "எங்க மாட்டை மேய்ச்ச பரம்பரை நீ, உனக்கு மாட்டைத் தவிர எதை எண்ணத் தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து லிம்போவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எட்டுக்குள்ள எனக்கு இடமில்லையா? நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்றாள்.

பிறகு மீனைச் சுத்தம் செய்யப் போனாள். செதில் உரசும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 1

லிம்போ ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். "சும்மா உக்காந்து உங்க சோத்தைத் தின்னுட்டு இருக்க முடியல சின்னம்மா." வெள்ளைச் சீருடையைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள், கசங்கிவிடாமல்.

மார்ச் 14

லிம்போ தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

லிகுண்டு மேட்டு ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டாளாம்! வெள்ளச் சமவெளியின் நடுவே, மழைக்காலத்தில் தோணியில்தான் போக முடியும் என்கிற மேடு. அங்கிருந்த ஒரே நர்ஸ் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது.

"சாவி யார் தந்தா?"

"ஊர்த் தலைவர்தான். நாலு பொம்பளைங்க போய் அவர் வாசல்ல உக்காந்துட்டாங்க. அவர் என்ன பண்ணுவார்?"

"சம்பளம்?"

"முட்டை. நெஜ முட்டை சின்னம்மா, கோழி முட்டை. ஒருத்தி ஒரு சுரைக்குடுக்கை தயிர் கொண்டு வந்தா."

நானும் சிரித்தேன். ரிசீவரை வைத்த பிறகு அந்த எட்டு சதக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

மாவட்ட மருந்துக் கிடங்கில் அவளுக்கு ஒன்றும் தரமாட்டேன் என்கிறார்களாம். சம்பளப் பட்டியலில் இல்லாதவளிடம் மருந்தையோ கையுறையையோ எப்படி ஒப்படைப்பது என்று கேட்கிறார்களாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்று தொலைபேசியில் இழுத்தாள் லிம்போ.

ஹமூங்காவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "நசிலேலே, உன் பொண்ணு ஒருத்திக்காகக் கதவைத் திறந்தா, பின்னாலேயே எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? எண்ணிச் சொன்னவளே நீதானே."

நான்தான்.

ஏப்ரல் 5

லிம்போவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 16

தோணி கவிழ்ந்துவிட்டது.

பிரசவத்துக்கு ஒருத்தி வந்து படுத்திருந்தாளாம். கையுறையும் ஊசி மருந்தும் கேட்டு லிம்போ அக்கரையிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அவர்கள் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தும் இருக்கிறார்கள். திரும்பும்போது காற்று. துடுப்புப் போட்டவன் நீந்திக் கரையேறிவிட்டான். அவளுக்கு நீச்சல் தெரியுமே! ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா? பெட்டியை விட்டிருந்தா வந்திருப்பா. விடலையாம். விட்டுத் தொலைச்சா என்னடி? ஏன்டி விடல?

அந்தப் பெண்ணுக்குத் தானாகவே பிள்ளை பிறந்தது. பிழைத்துவிட்டதாம்.

ஏப்ரல் 22. செனங்கா

நேற்று ஊரில் லிம்போவின் அடக்கம். நாணலுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்க விடவில்லை.

ஹமூங்கா அத்தனை தூரம் காரோட்டி வந்திருந்தார். எங்கள் சாவுக்கு டோங்காக்காரன் வந்தால் கோமாளித்தனம் பண்ண வேண்டும், அதுதான் வழக்கம். துக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பது அவன் பொறுப்பு. அவரும் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குழியோரம் போய் ஆரம்பித்தார். "ஏய் லோசிப் பொண்ணே, மீனைத் தின்னு தின்னு கடைசியில மீனுகிட்டயே—" அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றார். யாரோ தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அவர் முடிக்காததுதான் எல்லோரையும் அழ வைத்தது.

அக்கா நமகாவு அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு வார்த்தை: "ஆபீஸ் நல்லபடியா நடக்குதா?"

மே 6. லுசாகா

வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கழற்றினேன்.

"லிஸ்ட் வந்துதா சின்னம்மா?"

அடுப்பங்கரையிலிருந்து கேட்டது. கனவில்லை, வெயில் இன்னும் சுவரில் இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பு சில்லென்று இருந்தது. தரையில் ஈரமில்லை. ஈரத்தை எதற்குத் தேடினேன்?

மே 7

இன்றும்.

ஜூலை 3

போதகரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்து ஜெபித்தார். "உறங்குகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை, சகோதரி" என்றார். அவர் வீட்டில் கேட்பதில்லை போலிருக்கிறது.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்கவில்லை. கோபமாகக் கேட்டால் நானும் கோபப்படலாம். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்பதைப்போலக் கேட்கிறாள்.

அக்டோபர் 12

கூட்டத்தில் நாணல் வாசனை அடித்தது. சேறும் நாணலும். "ஜன்னலை யாராவது சாத்துங்களேன்" என்றேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. ஹமூங்கா என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அதைக் குடிக்க முடியவில்லை.

டிசம்பர் 30

ஆண்டுக் கணக்கு முடிந்தது. எட்டுக்குள் அடங்கிவிட்டோம். பாராட்டுக் கடிதத்தில் என் பெயரும் இருக்கிறது.

ஏப்ரல் 11, 2005

கடன் தள்ளுபடி உறுதியாகிவிட்டது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். தெருவில் மினிபஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். காய்கறிக்காரி என்னிடம், "இனிமே நம்ம தலையில ஒண்ணும் இல்லையாமே அம்மா?" என்று சிரித்தாள். "ஆமாம்" என்றேன். அவள் சந்தோஷம் உண்மையானது. செய்தியும் நல்ல செய்திதான். இதை நான் எழுதி வைக்க வேண்டும்: நாங்கள் செய்தது வீணில்லை. பள்ளிக்கூடங்கள் வரும், மருந்து வரும்.

ஹமூங்கா ஆடினார். நடுவில் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஆடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

வீட்டுக்குப் போகாமல் கடைத்தெருவையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஆனால் போய்த்தானே ஆக வேண்டும்?

"லிஸ்ட் வந்துதா சின்னம்மா?"

ஜூன் 20

நர்சுகளைச் சேர்க்க அனுமதி கிடைத்துவிட்டது. நானே கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரை வாசலில் நின்று கத்தினேன். "வந்துடுச்சுடி! லிஸ்ட் வந்துடுச்சு! போ, இனிமே போய்ப் படுத்துக்கோ!"

ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 21

"லிஸ்ட் வந்துதா சின்னம்மா?"

அப்படியென்றால் அவளுக்கு வேண்டியது லிஸ்ட் இல்லை. வேறு என்னடி வேணும் உனக்கு?

ஆகஸ்ட் 15. லிகுண்டு மேடு

தண்ணீர் வடிந்துவிட்டது. மாட்டுவண்டியிலேயே வந்தேன். அக்கா கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது. புது நர்ஸ் சீலோ, டோங்காப் பையன், தெற்கிலிருந்து வந்தவன். தாய்மார்கள் மரத்தடியில் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்து அவனை வறுத்துக்கொண்டிருந்தார்கள். "டேய் மாட்டுக்காரா, ஊசியை மெதுவாப் போடு, இது கன்னுக்குட்டி இல்ல!" அவன் சளைக்கவில்லை. "கன்னுக்குட்டி இவ்வளவு கத்தாது அக்கா."

"நீங்க?" என்று என்னைக் கேட்டான்.

"லிம்போவுக்குச் சின்னம்மா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு வயதான பெண் மண்டியிட்டுக் கை தட்டி எனக்கு வணக்கம் சொன்னாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னிக்கு அவளைக் காணோமேன்னு பார்த்தேன். உன்னைக் கூட்டிட்டு வரத்தான் போயிருப்பா."

அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னார்கள். லிம்போ போன பிறகு மறுபடி பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அவள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பாளாம். வலியெடுத்தவள் தனியாகக் கிடந்தால் தலைமாட்டில் இருப்பாளாம். "ஒண்ணும் பண்ண மாட்டா. சும்மா இருப்பா. அதுவே போதும்."

சீலோ குனிந்து ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தான். நம்புகிறானா என்று அவனைக் கேட்டேன். "நான் தெற்கத்தி ஆளும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தப் படியில நான் உக்கார்றதில்லை."

என்னிடம் மட்டும்தான் வருகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 16

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் கேட்கிறாள் என்று. அக்கா மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள், "என்ன கேக்குறா?" சொன்னேன்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றாள். அப்போதுதான் அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகை. "ஒரு தடவைகூட வரல நசிலேலே. ஊருக்கெல்லாம் வர்றா. பெத்தவகிட்ட வரல."

பொறாமை. அக்காவுக்கு என்மேல் பொறாமை! நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மீன் கருகியது.

ஆகஸ்ட் 19

புறப்படுமுன் தனியாகப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். நல்ல பகல். உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "இங்கேயே இரு. இல்லேன்னா அம்மாகிட்டப் போ. என்கூட வராதே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யார் கேட்டாலும் பரவாயில்லை.

செப்டம்பர் 4. லுசாகா

அக்கா தொலைபேசியில் பேசினாள். குரல் மெல்லியதாக, வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. "நேத்து பானையில தண்ணி மொள்ளும்போது பின்னால நின்னா. ஒண்ணும் கேக்கல. நின்னா, அவ்வளவுதான்."

"நல்லது அக்கா" என்றேன்.

செப்டம்பர் 9

வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் அப்படியே வாசலில் நின்று காத்திருந்தேன். கேள்வி வரவில்லை.

பிறகு உள்ளே போய் அடுப்பை நானே மூட்டினேன்.