மூன்றாவது பிளக்

கலஹா,
சனிக்கிழமை.

அன்பு மகள் றொசானாவுக்கு, டோஹாவில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு இரத்தம் சுத்தம் செய்துவிட்டுக் கண்டியிலிருந்து வரும்போது கார் மேட்டில் இழுக்காமல் உதறியது, என்ஜினின் ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று எனக்கே விளங்கியது. புதுப் பிளக் விற்ற பாயிஸ், கராஜ்காரர்கள் சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், செவ்வாய்தான் வருவார்கள், பொறுங்கள் என்றார். திங்கள் மறுபடி அம்மாவைக் கொண்டுபோக வேண்டுமே, எப்படிப் பொறுப்பது? நேற்று நானே மாற்ற உட்கார்ந்தேன். பெரிய வெள்ளியும் அதுவுமாக இரும்பைத் தொடாதீங்க, ஆண்டவரை ஆணியில அடிச்ச நாள் என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள். நான் அடிக்கவில்லையே, கழற்றத்தானே போகிறேன் என்றேன் வாய்க்கொழுப்பில். முதல் இரண்டும் நல்ல பிள்ளைகளாகக் கழன்று வந்தன, மூன்றாவது அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவிட்டிருக்கலாம், என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே. ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி முழுப் பலத்தோடு இழுத்தேன், டக்கென்று முறிந்து பாதி என்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. என்ஜினைப் பிரிக்காமல் எடுக்க முடியாது, ஒரு வாரமாவது ஆகும் என்று பாயிஸ் போனில் சொன்னார்.

அம்மா ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசியிருந்தால் நிம்மதி. கதிரையில் உட்கார்ந்து, நல்லதாப் போச்சுங்க, இனி என்னைக் கொண்டுபோக வேணாம், ஊசி குத்திக் குத்தி அலுத்துப்போச்சு, ஆண்டவரே வழியை மறிச்சிட்டாரு என்றாள். அவர் மறிக்கவில்லை மகள், நான்தான் முறித்தேன். றிஸ்வியின் வாடகை வேனைத் திங்கள் காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வேன் வரும், இவள் ஏறமாட்டேன் என்கிறாள். ஒரு தரம் தவறினாலும் மூச்சு முட்டும் என்று தாதி சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதே முட்டுகிறது. வாசலில் என்ஜின் மூடி திறந்தபடி நிற்கும் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும். நாளை உயிர்த்த ஞாயிறு, எப்படியும் போன் எடுப்பாய்தானே, கார் பற்றி ஒன்றும் கேட்காதே, வேனில் ஏறச் சொல்லி அம்மாவிடம் அழு. நீ அழுதால் ஏறுவாள். நான் அழுது பார்த்துவிட்டேன்.

உன் அப்பா,
யாகப்பர்