பதினான்காம் நாடா

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். மாத்திரை வாங்க வேண்டும். சமையலறை விளக்கு மாற்ற வேண்டும்.

காப்பகத்திலிருந்து கிளேர் எழுதியிருக்கிறாள். நான் ஒப்படைத்த சிறைப்பாட்டு நாடாக்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியாயிற்றாம். கோடையில் இணையத்தில் வைப்பார்களாம், யாரும் கேட்கலாம். உயிரோடிருக்கும் பாடகர்களின் ஒப்புதல் கையெழுத்து மட்டும் பாக்கி. பட்டியலில் ஒரே பெயர்: சிவநேசன். நாடா 14.

பட்டியலை மூடி வைத்துவிட்டு விளக்கை மாற்றினேன்.

மார்ச் 4, செவ்வாய்
நாடா 14 கேட்டேன். இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு.

முதலில் பாட்டு. இலங்கைச் சிறையில் தும்பு அடிக்கும்போது பாடியது. ஊறிய தேங்காய் மட்டையை வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அடியோடு சேர்ந்து பாடுவார்கள். "ஓங்கியடி தம்பி, ஒருகட்டுத் தானே." சிவநேசன்தான் எடுத்துக் கொடுத்தவர். நல்ல குரல்.

பிறகு அவர்: "அக்கா, மெஷினை நிப்பாட்டுங்கோ. ஒண்டு சொல்லவேணும்."

பிறகு நான்: "நிறுத்திட்டேன். சொல்லுங்க."

என் குரல்தான். எவ்வளவு கனிவு அதில்! சால்வையைப் போட்டுப் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கை மறைத்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு பதினொரு நிமிடம். பாட்டு எடுத்துக் கொடுப்பவன் கட்டை பிடிக்க வேண்டாம் என்று காவலர் சலுகை கொடுத்தது. காவலர் கை காட்டும்போதெல்லாம் இவர் பாட்டை விரைவாக்கியது. காய்ச்சலோடு வரிசையில் உட்கார்ந்திருந்த யோகன் என்ற கைதி இவரையே பார்த்தது. மெதுவாகப் பாடினால் கட்டை தன் கைக்கு வரும் என்று இவர் மெதுவாக்காதது. யோகன் சரிந்தது. இரண்டாம் நாள் இறந்தது.

இதைக் கேட்டுவிட்டுத்தான் என் புத்தகத்தில் எழுதினேன், பாட்டு அவர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொண்டது என்று. அந்த அத்தியாயத்தைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

மார்ச் 6, வியாழன்
லா ஷப்பேல், தமிழ்க் கடைத்தெரு. மெத்ரோவில் உட்கார இடமில்லை. மழை விட்டிருந்தது.

சி. (சிவநேசன்) அதே தெருவில்தான், வேறு கடை. முருங்கைக்காய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை.

"அக்கா! எத்தினை வருசம்!"

வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் என்னைக் காட்டினார். "இவதான் என்ரை பாட்டைப் புத்தகத்திலை போட்டவ."

"ஓம் ஓம், தெரியும். மறியலிலை பாடின பாட்டு. எங்கடை சங்க விழாவிலையும் பாடினவரெல்லே," என்றார் அந்த அம்மா. சிறையைத்தான் மறியல் என்பார்கள்.

ஒப்புதல் பப்பியேவை நீட்டினேன்.

"பாட்டுத்தானே அக்கா?"

"ஆமாம்."

அரிசி மூட்டைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை; முழு நாடாவுக்கும் என்று அதில் இருந்தது. கறிவேப்பிலை ஒரு கட்டு பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி
வெயில். தயிர்சாதம். கிளேர் மறுபடி: வந்துவிட்டதா? "நாளை அனுப்புகிறேன்" என்று பதில்.

அனுப்பவில்லை. "ஆமாம்" என்று இவ்வளவு சுலபமாக எனக்கு வருமா? முன்பும் வந்திருக்கிறதே.

மார்ச் 9, ஞாயிறு
மதியம் அவருடைய ஓய்வு நேரத்தில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை நடந்தோம். கால்வாயோரம் உட்கார்ந்தோம். குளிர்காற்று. பதிவு ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டார்.

"நிப்பாட்டச் சொன்னனான்."

"ஆமாம்."

"நிப்பாட்டினதெண்டு சொன்னனீங்கள்."

"ஆமாம்."

"புத்தகம் எழுதேக்கை இது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு நல்லதா எழுதினனீங்கள்." குரல் உயரவில்லை. "அதுக்குப் பிறகு விழா, கலியாண வீடு எல்லா இடமும் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லுது சனம். பாடமாட்டன் எண்டால் ஏன் எண்டு கேக்கும். என்னத்தைச் சொல்ல? இருவது வருசமாப் பாடுறன்."

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று நினைவு. கேட்கவில்லை.

பதிவைக் கேட்க வேண்டும் என்றார். கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். யோகன் பெயர் வந்ததும் காதிலிருந்து பிடுங்கினார்.

"இவன்ரை தங்கச்சி கூசேன்வில்லிலை இருக்கிறா. நான் பாடேக்கை முன்வரிசையிலை இருந்து கைதட்டுவா. தமையன் கடைசியாக் கேட்ட பாட்டெண்டு அழுவா."

கையெழுத்துத் தாளைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
சி. தொலைபேசியில். முகமன் இல்லை.

"ஞாயித்துக்கிழமை யோகன்ரை தங்கச்சி வீட்டை போறன். சொல்லப் போறன். நீங்களும் வாங்கோ."

"நான் எதுக்கு?"

"நான் செய்ததை நான் சொல்லுறன். நீங்கள் எழுதினதை நீங்கள் சொல்லுங்கோ."

மருத்துவரைப் பார்க்க ராந்தேவு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்த மருத்துவர்? சரி என்றேன்.

மார்ச் 12, புதன்
காப்பகத்துக்குக் கடிதம்: நாடா 14 முழுவதும் திரும்பப் பெறப்படுகிறது. காரணம் என்ற கட்டம். முதலில் எழுதியது: ஒலிக் குறைபாடு. அடித்தேன். அடுத்தது: பாடகர் விருப்பம். அதையும் அடித்தேன், பழி அவர்மேல் விழுகிறது. கடைசியாக: பதிவை நிறுத்திவிட்டதாகப் பொய் சொல்லி எடுத்தது. அனுப்பினேன். கிளேரிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
கூசேன்வில் புறநகருக்கு 'டே' தட ரயில். சி. எதிர் இருக்கையில். 

மூன்றாம் மாடி. யோகனின் தங்கைக்கு ஐம்பது வயதிருக்கும். விமான நிலையத்தில் துப்புரவு வேலையாம், அன்று விடுமுறை. எங்களைப் பார்த்ததும் சிரிப்பு. "அண்ணை வாங்கோ! அக்கா, இருங்கோ!" தேநீர், முறுக்கு.

சி. நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காவலர், சலுகை, பாட்டு, காய்ச்சல், எல்லாம். எதையும் குறைக்கவில்லை. "நான் நிப்பாட்டியிருக்கலாம் தங்கச்சி. நிப்பாட்டேல்லை." நடுவில் விமானம் ஒன்று தாழப் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து தொடர்ந்தார்.

பிறகு நான். என் பங்கு நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. சி.யைப் பார்த்தாள். "நீங்களும் மறியல்காரன்தானே அண்ணை," என்றாள். மன்னிப்பா, வெறும் பேச்சா, தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எத்தினை வருசமாத் தெரியும்?"

"இருபத்துநாலு."

எழுந்தாள். என் முன்னால் இருந்த தேநீரை, நான் தொடாத தேநீரை, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது. சி.யின் கோப்பை அங்கேயே இருந்தது.